மிதித்துக் கிளப்புகிற வண்டி

ஜனவரி 9

அன்புள்ள உனக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீ, உன் தங்கை, குழந்தை எல்லோரும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன். தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போனாய். அந்தக் குழந்தை இப்போது ஓடுகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். சரி, ஓடட்டும்.

கூரை ஒழுகல் நின்றுவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, மழை நின்றுவிட்டது. பம்பு ரிப்பேர் கடையிலும் வேலை குறைவு. லேத் சும்மா நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும் என்பது உனக்குத் தெரியும். அதனால் ஒரு வண்டி செய்ய ஆரம்பித்திருக்கிறேன். மோட்டார் வைத்த சைக்கிள். கடைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்குகிறதே, அதில் நூறு வருடத்துக்கு முந்தைய வண்டிப் படம் ஒன்று இருக்கிறது. அதே மாதிரி வேண்டும் என்று பட்டது.

பழைய இரும்புக் கடையில் கிடைத்த சைக்கிள் சட்டத்தை அறுத்து, வளைத்து, திரும்ப ஒட்டிவிட்டேன். நடுவில் மருந்து தெளிக்கிற இயந்திரத்தின் சின்ன என்ஜின். பெட்ரோல் டாங்க் பித்தளையில், உருளையாக, மேல் பாருக்கு அடியில் தொங்கும். ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு. ஹாண்டில் பின்பக்கமாக வளைந்து மடி வரைக்கும் வரும். தோல் பெல்ட். கிளப்புவதற்குக் கிக்கர் கிடையாது. பெடலை மிதித்து, வேகம் வந்ததும் பெல்ட்டை இறுக்கினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த மாதம் முடிந்துவிடும். சோதனை ஓட்டத்துக்கு நீ வர வேண்டும். எது செய்தாலும் நீ ஓட்டிப் பார்த்துச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. அக்கம்பக்கத்தில் "வீட்ல எப்ப வர்றாங்க?" என்று கேட்கிறார்கள். வண்டி முடிந்ததும் வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


ஜனவரி 18

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மழையை நிறுத்திய சாமர்த்தியத்துக்குப் பாராட்டு.

சட்டத்தை அறுத்து ஒட்டினேன் என்கிறீர்கள். ஒட்டு எந்த இடத்தில்? ஹாண்டிலுக்குப் பக்கத்தில் என்றால் உள்ளே ஒரு குழாய்த் துண்டைச் சொருகி ஒட்டுங்கள். என்ஜின் அதிர்வில் முதலில் விடுகிற இடம் அதுதான். தோல் பெல்ட் படத்துக்கு அழகு, ஈரம் பட்டால் வழுக்கும். ரப்பர் பெல்ட் போடுங்கள். புகைக் குழாயைக் கணுக்காலுக்கு நேராக விடாதீர்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று இங்கே நான் வேலைக்குப் போகிற ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அதிசயப்படுகிறார்கள். போர்வை பிழிகிற இயந்திரம் ஊளையிட்டால், மெக்கானிக் வருவதற்குள் நான் கெட்டுப்போன பேரிங்கைக் காட்டிவிடுகிறேன். உங்களோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது ஒரு வித்தையா?

சோதனை ஓட்டம் என்கிறீர்கள். மாவு அரைக்க இயந்திரம் செய்தீர்கள், என் முன்கையில் சூடு. மடக்குக் கட்டில் செய்தீர்கள், அது என்னையும் சேர்த்து மடக்கிக்கொண்டது. நீங்கள் வெளியே நின்று, "உள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது நினைத்தால் பாதிச் சிரிப்புதான் வருகிறது.

இந்த முறை நீங்களே ஏன் ஓட்டக் கூடாது என்று கேட்க மாட்டேன். உங்களுக்குச் சைக்கிள் விடத் தெரியாது என்பது அந்த ஊரில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போய், கேட்டவர்களிடமெல்லாம் பஞ்சர் என்று சொன்ன ஆள் நீங்கள். எத்தனை பஞ்சர். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, கவலைப்பட வேண்டாம்.

ஒன்று கவனித்தேன். சோதனை ஓட்டத்துக்கு வா என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வா என்று எழுதவில்லை. இங்கே எங்கள் அதிகாரி அம்மா வேலையை நிரந்தரமாக்கித் தருகிறேன், ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் அறையும் தருகிறேன், இருக்கப்போகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மழுப்பிக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நாள் மழுப்ப முடியாது.

அன்புடன்,
நான்தான்


பிப்ரவரி 6

அன்புள்ள உனக்கு,

குழாய்த் துண்டு சொருகியாயிற்று. ரப்பர் பெல்ட்டும் போட்டாயிற்று. புகைக் குழாயைக் கீழே இறக்கிப் பின்பக்கம் திருப்பிவிட்டேன். வண்டி இப்போது நன்றாக நிற்கிறது. காலண்டர் படத்தைவிட நம் வண்டிதான் அழகு என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

நீ வருவதாக இல்லை என்று தெரிந்துபோனதால் தபால்காரரைக் கேட்டேன். நாள் முழுக்கச் சைக்கிளில் அலைகிறவர், சம்மதித்தார். தெருக்கோடி வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து இறங்கினார். என்ஜின் நன்றாக இருக்கிறது, பிரேக் பிடிக்கிறது என்றார். அப்புறம், "சார், இதை யாருக்கு அளவெடுத்துச் செஞ்சீங்க? முட்டி ஹாண்டில்ல இடிக்குதே" என்று கேட்டார். நான் யாருக்கும் அளவெடுக்கவில்லை. சீட்டிலிருந்து பெடலுக்கு எவ்வளவு, ஹாண்டிலுக்கு எவ்வளவு என்பதெல்லாம் கைபோன போக்கில் வைத்தது. அவர் போன பிறகு டேப் பிடித்துப் பார்த்தேன். வாசலில் நிற்கிற உன் சைக்கிளின் அளவு. ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

நீ கேட்ட வார்த்தையை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் படித்தால் கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. கிழித்துப் போட்டுவிட்டேன். நேரில் வந்து கேட்கிறேன். இந்த வண்டியிலேயே வருகிறேன். அதற்குள் சைக்கிள் பழகிக்கொள்கிறேன். நான் வந்து கேட்கிற வரைக்கும் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லாதே.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 16

அன்புள்ள உங்களுக்கு,

அது பழைய அளவு. ஈரப் போர்வை தூக்கித் தூக்கி என் வலது முழங்கால் இப்போது முழுதாக மடங்குவதில்லை. அந்த வண்டியில் நான் ஏறினாலும் மிதிக்க முடியாது. சீட்டை உயர்த்தி, ஹாண்டிலைத் தள்ளி வைத்து, உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனாலும் உங்கள் கைக்கு என் அளவு மறக்கவில்லை என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அன்று முழுக்கத் துணி மடிக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேரில் வந்து கேட்பதென்றால் பஸ் இருக்கிறது. பஸ்ஸில் வந்து கேட்டாலும் வார்த்தை அதேதான். ஆனால் உங்களுக்கு ஒரு வேலையைச் செய்ய இன்னொரு வேலை துணைக்கு வேண்டும். மூக்கைத் தொடச் சொன்னால் தலையைச் சுற்றித்தான் தொடுவீர்கள். சரி, அப்படியே வாருங்கள்.

அதிகாரி அம்மாவிடம் மார்ச் கடைசி வரை தவணை கேட்டிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

பழகும்போது முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள், தூரத்தில் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹாண்டிலைத் திருப்புங்கள். நம்ப முடியாது, ஆனால் அப்படித்தான்.

அன்புடன்,
நான்தான்


மார்ச் 11

அன்புள்ள உனக்கு,

பழகிவிட்டேன். முழங்கை இரண்டிலும் தோல் இல்லை, மற்றபடி சுகம்.

தபால்காரரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. கிடங்குக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டுத் தரையில், உன் பழைய சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். தரை ஒரு பக்கம் சரிவாக இருக்கிறது என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். ஒரு நாள் திரும்பிப் பார்க்கிறேன், அவர் தூரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். பார்த்த கணமே விழுந்தேன். ஆனாலும் அதுவரைக்கும் நான் தனியாகத்தானே வந்திருக்கிறேன்.

பிறகு வண்டி. சீட்டை உயர்த்தினேன், ஹாண்டிலுக்கு நீளமான கழுத்து வைத்தேன். கால்வாய்க் கரைச் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத காலை வேளையாகப் பார்த்து இறங்கினேன். மிதித்தேன், பெல்ட்டை இறுக்கினேன். இரண்டு தும்மல் தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. என்னைக் கேட்காமல் கிளம்பிவிட்டது. நானே செய்து, நானே முடுக்கிய பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்பது சாலை முடிகிற வரை ஞாபகம் வரவில்லை. கடைசியில் ஒரு மணல் குவியல்தான் நிறுத்தியது. நன்றாகப் பயந்துவிட்டேன். செய்வது வேறு, அதன் மேல் உட்காருவது வேறு. உனக்கு இது முன்னாலேயே தெரியும்.

அதற்கப்புறம் தினமும் ஓட்டுகிறேன். இப்போது கை தானாகப் பிரேக்குக்குப் போகிறது. இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வருகிறேன். கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 17

அன்புள்ள உங்களுக்கு,

வாருங்கள். அன்றைக்குத் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் குழந்தையோடு வெளியே போகிறார்கள். நான் இருப்பேன்.

பாலத்தைத் தாண்டினால் லாரி அதிகம். ஓரமாகவே வாருங்கள். யாராவது ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம், நீங்கள் திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அன்புடன்,
நான்தான்


மார்ச் 26

அன்புள்ள உனக்கு,

நேற்று இருட்டுவதற்குள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். வழியில் ஓரிடத்தில் மட்டும் பெல்ட் தளர்ந்தது, இறுக்கிக்கொண்டேன். தெருமுனையில் சத்தத்தைக் கேட்டே பெட்ரோலில் எண்ணெய் அதிகம் என்று சொன்னாயே, வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரி பிடித்துக் கிடந்தது. குறைத்துவிட்டேன்.

இன்னொன்று எழுத வேண்டும். வழி முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஹெல்மெட்டுக்குள் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே வந்ததும் நாற்காலியில் உன் பெரிய பையைப் பார்த்தேன். நிறைத்து, பட்டை போட்டுக் கட்டியிருந்தது. நீயும் பயணம் போகிற உடுப்பில் இருந்தாய். எங்கேயோ புறப்பட்டுவிட்டு, எனக்காக நேரம் ஒதுக்கிக் காத்திருக்கிறாய் என்று தோன்றிற்று. ஒருவேளை அந்த ஆஸ்பத்திரி அறைக்கே குடிபோகக் கட்டியதோ என்றும் தோன்றிற்று. புறப்பட்டு நிற்கிறவளைப் பிடித்து வைத்து, வீட்டுக்கு வா என்று கேட்பது முறையாகப் படவில்லை. கேட்டு, நீ தயங்கி நிற்பதைப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை. அதனால் பெல்ட், கார்ப்பரேட்டர் என்று ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினேன். விளக்கு இல்லாத வண்டி, இருட்டுமுன் போக வேண்டும் என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

பின்னால் கேரியர் வைத்து மெத்தை தைத்திருந்தேன். உன் முழங்காலை நினைத்துக் கொஞ்சம் தாழ்வாக வைத்தது. பார்த்தாயோ என்னவோ.

எந்த ஊருக்குப் போனாய்? என்னால் பஸ் தவறிப்போகவில்லையே?

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 30

அன்புள்ள உங்களுக்கு,

நான் எந்த ஊருக்கும் போகவில்லை. அந்தப் பை நம் வீட்டுக்கு வருவதற்காகக் கட்டியது.

சனிக்கிழமையே கட்டி வைத்துவிட்டேன். தங்கையிடம் சொல்லிக்கொண்டும் ஆயிற்று. காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். நீங்கள் வந்தீர்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. இத்தனை வயதுக்கு மேல் சைக்கிள் பழகி, அத்தனை தூரம் நேராக உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்த மனிதரைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதனால்தான் எண்ணெய் அதிகம் என்று மட்டும் சொன்னேன், வேறு எது சொன்னாலும் அழுதிருப்பேன். உள்ளே வந்தீர்கள். கையுறையைக் கழற்றி என் பையின் மேலேயே வைத்தீர்கள். வைத்துவிட்டுக் கார்ப்பரேட்டரில் ஆரம்பித்தீர்கள். கேட்பார், கேட்பார் என்று இரண்டாவது முறையும் டீ போட்டேன். கேரியரைப் பார்க்காமல் இல்லை. அதன் மேல் எண்ணெய் டப்பா கட்டியிருந்தது.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "இந்தப் பை எதுக்குன்னு கேளுங்க" என்று நான் வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். திறக்கவில்லை. நீங்கள் செய்தது எல்லாவற்றிலும் முதலில் ஏறி உட்கார்ந்தவள் நான்தான். இது ஒன்றிலாவது முதலில் நீங்கள் ஏறுங்கள் என்று வீம்பு பிடித்து நின்றேன். உங்கள் முதுகு தெருமுனையில் மறைகிற வரைக்கும் வீம்பு இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

உங்கள் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனேன். போர்வை மடித்துக்கொண்டிருந்தபோது அதிகாரி அம்மா பக்கத்தில் வந்து நின்று, "என்னம்மா முடிவு பண்ணீங்க? இங்க இருக்கீங்களா, வீட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்டார். நேராகத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நீங்கள் கேட்டிருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்டார், "இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

கடிதத்தை ஒருமுறைக்கு மேல் படித்தேன். உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டு ஓடிவரவும் மனம் எழவில்லை. பை கட்டிய அந்த மனம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

வண்டிக்கு ஒரு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூரையையும் மழைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். பை கட்டியபடியே இருந்ததால் எனக்கு வேலை மிச்சம். திங்கள் மாலையே அதைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். புது முகவரி உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
நான்தான்