இஞ்ஞாசி திரும்பி உள்ளே போகவில்லை

அனுப்புநர்:
சி. அழகேசன்,
பாதுகாப்புத் தொழில்நுட்பர்,
வடகரைக் கப்பல் பட்டறை.
இருப்பிடம்: லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைமை விசாரணை அதிகாரி அவர்கள்,
தொழிலிடத் தீவிபத்து விசாரணைப் பிரிவு,
சிங்கப்பூர்.

பொருள்: தீயணைப்பாளர் இஞ்ஞாசி மரண அறிக்கையையும் நினைவுக் கல்லையும் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 14.03.2023 அன்று எங்கள் பட்டறையில் பழுதுபார்ப்பில் இருந்த கப்பலின் இயந்திர அறை தீப்பிடித்தது. பட்டறைத் தீயணைப்புக் குழுவைச் சேர்ந்த திரு. இஞ்ஞாசி அதில் இறந்தார். "வெளியேறிய பின் உத்தரவின்றி மீண்டும் உள்ளே சென்றார்" என்கிறது தங்கள் அறிக்கை. "தோழரைத் தேடித் திரும்பிச் சென்ற வீரர்" என்கிறது பட்டறை வாசலிலுள்ள நினைவுக் கல். ஒன்று பழி, மற்றது புகழ். இரண்டுமே தவறு. அவர் வெளியே வரவே இல்லை.

2. அன்று டேக் பலகையைப் பார்த்துக்கொண்டவன் நான். உள்ளே போகிறவர் தன் பெயர் டேக்கை என்னிடம் கொடுப்பார். வெளியே வந்ததும் கையில் வாங்கிக்கொள்வார். பலகையில் டேக் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். 3.12க்கு அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். இஞ்ஞாசி அண்ணன் வாக்கி டாக்கியில், "வந்துட்டேன்பா" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமலே டேக்கைக் கழற்றிவிட்டேன்.

3. ஈசூன் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போதே, லிட்டில் இந்தியாவில் காத்திருப்பவரிடம் "வந்துட்டேன்" என்கிறோம். கிளம்பிவிட்டேன் என்றுதான் அதற்கு அர்த்தம். விசாரணையில் அதை "வெளியே வந்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது நான்தான். டேக்கைக் கழற்றிய நேரத்தைக் கேட்டார்கள், சொன்னேன். ஆளைப் பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த மனுவைத் தமிழில் எழுதுவதற்கும் அந்தத் தவறான மொழிபெயர்ப்பே காரணம்.

4. டேக் இல்லாததால் யாரும் அவரைத் தேடவில்லை. சக வீரர் முகமது யூசுப், "அண்ணன் எங்க?" என்று கேட்டபோது மணி 3.23. அவர் கிடந்தது வெளியேறும் ஏணிக்கு நான்கு மீட்டர் முன்னால். காலில் கேபிள் சிக்கியிருந்தது. தலை வாசல் பக்கம் இருந்தது. அவரது சுவாசக் கருவியின் பதிவில் காற்றழுத்தம் இடையில் எங்கும் நிற்காமல் இறங்குகிறது. வெளியே வந்திருந்தால் முகமூடியைக் கழற்றியிருப்பார், அழுத்தம் அங்கே நின்றிருக்கும். அவர் கழற்றவே இல்லை. இந்தப் பதிவு தங்கள் அறிக்கையின் பின்னிணைப்பிலேயே உள்ளது. தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.

5. புதியவர்களுக்கு இந்தச் சம்பவத்தை வைத்து, "உத்தரவில்லாமல் திரும்பப் போகாதே" என்று பாடம் நடத்துகிறோம். சென்ற மாதப் பயிற்சியில் ஒருவர் வாக்கி டாக்கியில் குரலை மட்டும் கேட்டு டேக்கைக் கழற்றினார். என் கண்முன்னால் நடந்தது. மாலை போட்டு மரியாதை செய்கிறோம், ஆனால் அவர் எதனால் செத்தார் என்பதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

6. அவரது மனைவி திருமதி பிரிஜட், "எங்களை நெனைக்காம ஏன் தம்பி திரும்ப உள்ள போனாரு?" என்று இரண்டு ஆண்டுகளாக என்னைக் கேட்டுவந்தார். கடந்த ஞாயிறு, தேவாலயப் பூசை முடிந்து வந்தவரிடம் இம்மனுவின் வரைவைக் கொடுத்தேன். படித்துவிட்டு, யாரும் தேடாமல் எவ்வளவு நேரம் கிடந்தார் என்று மட்டும் கேட்டார். பதினொரு நிமிடம் என்றேன். இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்றார். அது நியாயம்.

ஆகவே, வரும் மார்ச் 14 நினைவு நாளுக்கு முன் அறிக்கையையும் கல்லையும் திருத்தவும், ஆளை நேரில் பாராமல் டேக்கைக் கழற்றுவதைத் தடைசெய்யவும், என்னிடம் மறு வாக்குமூலம் பெறவும் வேண்டுகிறேன். என் மீது எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். அவர் மனைவியிடம் நான் சொல்லிவிட்டேன். குழுவிலுள்ள மற்றவர்களுக்குத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இடம்: சிங்கப்பூர்
நாள்: 10.02.2025

இப்படிக்கு,
சி. அழகேசன்
(ஒப்பம்)