நாலு சக்கரமும் தரையில்

சமயநல்லூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் அஸ்வினிக்கு அப்பா நல்லகாமன் எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு போனில் பேசும்போது நான் அடுத்த ரூமில் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன். இருமல் விட்டதும் தெரியும், ஹாஸ்டல் சாம்பார் கைகழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று நீ புலம்பியதும் தெரியும்.

நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. ரெண்டு வருசம் ஆகிறது. உன் மேல் தப்புச் சொல்ல வரவில்லை. போன் என்றால் பெயரைப் பார்த்ததும் அமுக்கிவிடலாம், கடுதாசி என்றால் கிழிக்கிறதுக்கு முந்தி ரெண்டு வரியாவது கண்ணில் படும் என்று பேயாண்டிதான் சொன்னான். இருபது வருசமாக நம் பட்டறையில் என்னோடு சுத்தியல் பிடிக்கிறான், அவன் சொன்ன முதல் உருப்படியான யோசனை இதுதான்.

பொங்கலுக்கு முந்தி எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அம்மா சொல்லியிருப்பாள். ஒரு மாசத்துக்குப் பட்டறைப் பக்கம் போகக்கூடாது, வெல்டிங் வெளிச்சம் ஆகாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நான் ஒரு மாசம் வீட்டில் கிடந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? கதவு கிரீச்சிடுகிறது, அடுப்பு கோணலாக இருக்கிறது என்று நான் நொட்டை சொல்லச் சொல்ல, இந்த மனுசனை இன்னும் ஒரு வாரம் வைத்திருந்தால் எனக்குத்தான் ஆபரேசன் பண்ணணும் என்று உன் அம்மா பக்கத்து வீட்டு மாயக்காளிடம் சொல்லியிருக்கிறாள். கடைசியில் என் வாயை அடைக்க, பரணில் இருந்த பெட்டிகளை இறக்கிப் போட்டு, உட்கார்ந்த இடத்தில் பிரித்து அடுக்கச் சொன்னாள்.

அதில்தான் அந்தப் பெட்டி வந்தது. மேலே சிவப்புக் கார் படமும் ஜப்பான் எழுத்தும் போட்டது. நீ பிளஸ் ஒன் படிக்கும்போது விளக்குத்தூண் ஜலால் பாய், கடையில் பழைய சாமானோடு சும்மா கிடக்கிறது, பிள்ளை விளையாடட்டும் என்று கொடுத்தாரே, அந்தப் பிளாஸ்டிக் கார் கிட். ஐம்பது வருசத்துக்கு முந்தி எவனோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, பாதி ஒட்டிப் பார்த்து, பசையை வழியவிட்டு, சீ போ என்று விட்டெறிந்தது.

திறக்க எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நான் மறந்த மாதிரி நடித்தேன். இப்போது என் வாயாலேயே ஒருதரம் சொல்லிவிடுகிறேன்.

காலேஜ் முடித்த கையோடு, பட்டறைக்கு வாரேன், அடிபட்ட வண்டியைப் பழைய நேருக்குக் கொண்டுவருகிற லைன் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டாய். சின்னதிலிருந்தே உனக்கு அந்த ஆசைதான். வேலை முடிந்த வண்டிக்கு நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து, லைன் எடுத்தவன்தான் சீட்டில் உட்கார்ந்து நசுக்கி ஓட்ட வேண்டும் என்பது நம் பட்டறைச் சட்டம். வண்டிக்கு உடையவர் ஆனாலும் சரி, நானே ஆனாலும் சரி, லைன் எடுக்காதவன் அன்றைக்கு ஏறக்கூடாது. ஆறாம் வகுப்பில் நீ ஓடிவந்து சீட்டில் ஏறினபோது, லைன் எடுக்கிற அன்றைக்கு ஏறு தாயி என்று தூக்கி இறக்கிவிட்டது நான்தான். அதை நம்பித்தானே நீ வந்து கேட்டாய்? நான் சிரித்தேன்.

நீ சளைக்கவில்லை. இந்தக் காரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய். மூணு சக்கரம் தரையில் இருந்தது, இடது பின்சக்கரம் மட்டும் அந்தரத்தில் நின்றது. இதில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன், சரி பண்ணிக் காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாய். பேயாண்டி நின்றான், கஸ்டமர் ரெண்டு பேர் நின்றார்கள். எனக்குப் பொறுக்குமா? முப்பத்தைந்து வருசம் நொறுங்கின வண்டியைப் பார்த்தவன் என்கிற திமிர். கூரை சாய்ந்திருக்கிறது, இது தெரியவில்லையா என்று ஹீட் கன்னை எடுத்து, தகரத்துக்குக் காட்டுகிற மாதிரி பிளாஸ்டிக்குக்குக் காட்டி அமுக்கினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் கூரை அப்பளமாகச் சுருண்டுவிட்டது, முன்கண்ணாடித் தூண் ஒன்று உருகிப்போனது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதோடு விட்டேனா? பொம்பளப் பிள்ளைக்கு லைன் பார்க்க வராது, போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரு என்று அம்புட்டுப் பேர் முன்னாலும் சொன்னேன். நீ துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாய். அடுத்த மாசம் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

இப்போது பெட்டியைத் திறந்து, காரின் அடித்தட்டைத் திருப்பினேன். புதுக் கண் அல்லவா, எறும்பு ஊர்ந்தாலும் தெரிகிறது. பென்சிலில் பொடிப்பொடியாக அம்புக்குறி போட்டிருந்தாய். கூடவே உன் நாற்பது பக்க நோட்டும் இருந்தது. மேல்பாகத்தில் தப்பில்லை, வார்ப்பு அச்சிலிருந்து வரும்போதே அடித்தட்டு முறுக்கிக்கொண்டு வந்திருக்கிறது, இடது பின்பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் தூக்கல், கூரை சாய்ந்த மாதிரித் தெரிவது அதனால்தான் என்று எழுதியிருந்தாய். நூல் கட்டி, மூலைக்கு மூலை அளந்து, ஒவ்வொரு அளவையும் மூணு தரம் எடுத்திருந்தாய். அதற்கு அடியில் ஒரு வரி. அப்பாவிடம் காட்டிச் சரியா என்று கேட்க வேண்டும்.

அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. ஆபரேசன் பண்ணின கண்ணில் தண்ணீர் விடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது நடக்கவில்லை.

பேயாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாப்பா சொன்னது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும் அண்ணே, உங்களிடம் யார் சொல்வது என்கிறான்! ரெண்டு நாள் அவனைத் திட்டினேன். மூணாம் நாள் யோசித்தால், அதே வருசம் வாடிப்பட்டிக்காரர் வெள்ளை வண்டி ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு பக்கமாக இழுக்கிறது, இழுக்கிறது என்று மூணு தரம் திரும்பி வந்ததே, அது. மூணு தரமும் மேலே தகரத்தைத்தான் தட்டினேன். கோணல் அடியில் சேசிஸில் இருந்தது. உனக்குப் பிளாஸ்டிக்கில் தெரிந்தது எனக்கு இரும்பில் தெரியவில்லை.

சரி, பிள்ளை ஆரம்பித்ததை நாம் முடிப்போம் என்று உட்கார்ந்தேன். அடேயப்பா! இம்புட்டு வேலையா இதில்! நான் பஸ்ஸை நிமிர்த்தியிருக்கிறேன், லாரியை நிமிர்த்தியிருக்கிறேன். இந்த உள்ளங்கை நீளக் கார் எனக்குத் தண்ணி காட்டிவிட்டது. பழைய பெயின்டை எடுக்க நம் பட்டறை தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன், முன்விளக்கு வளையம் ஒன்று வெல்லப் பாகாகக் குழைந்து துணியோடு வந்துவிட்டது. அப்புறம் நோட்டைப் பார்த்தால், மூணாம் பக்கத்திலேயே தின்னர் கூடவே கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய். முதலில் படிக்க வேண்டாமா? அதற்குமேல் உன் நோட்டைக் கேட்காமல் ஒரு துரும்பைத் தொடவில்லை.

அடித்தட்டை வெந்நீரில் போட்டு, நேரான பலகையில் கட்டி ஆறவிட வேண்டும், ஒரு நாளில் வராது, அவசரப்பட்டால் அடுத்த பக்கம் முறுக்கும் என்று எழுதியிருந்தாய். தண்ணீரை நான் கொதிக்கவிடப் போனேன். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். பிள்ளை எழுதி வைத்தபடி செய்வதானால் செய்யுங்கள், இல்லையென்றால் பெட்டியை என்னிடம் கொடுங்கள் என்றாள். ஆறு நாள் ஆனது. நாளுக்கு ஒரு மயிரிழை இறங்கினது. அந்தப் பொறுமையை நீ எங்கே படித்தாய்? என்னிடம் இல்லை, அது நிச்சயம்.

பாகங்கள் ஒட்டிக்கொண்டு வருகிற குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி நூல் மாதிரி இழுத்து, தடிமன் வாரியாக ஊதுபத்தி டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாயே, அதைப் பார்த்து அசந்துபோனேன். அதில் ஒன்றை வைத்துத்தான் உருகின தூணைக் கட்டினேன். பழுத்துப்போன முன்கண்ணாடிக்குப் பதிலாக, சட்டைப் பெட்டி மூடியிலிருந்து கண்ணாடித்தாளை வெட்டி, வளைத்து, உறையில் போட்டே வைத்திருந்தாய். எடுத்து வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. வாய்விட்டுச் சபாஷ் என்று சொல்லிவிட்டேன். யாருக்கு என்று உன் அம்மா கேட்டாள். உன் மகளுக்கு என்றேன். எனக்கு மட்டுமா மகள் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கூரையை என்னால் முழுசாக மீட்க முடியவில்லை. சுருண்டதை வெட்டியெடுத்து, தயிர் டப்பா மூடியில் ஒரு துண்டு வைத்து, பட்டி பூசி, ஈர உப்புத்தாளில் தேய்த்து நேராக்கினேன். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கவிழ்த்துப் பார்த்தால் நான் சுட்ட தழும்பு தெரியும். அதன் மேல் பட்டி வைத்து மறைக்க ஒரு நிமிசம் ஆகாது. மறைக்கவில்லை. பண்ணினது நான்தானே, இருக்கட்டும்.

பெயின்ட் அடிக்கிறதிலாவது அப்பா பெயரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைக்கிறேன். அட்டைத் துண்டில் மூணு விதமாக மஞ்சள் பெயின்ட் தடவி, மூணாவதுக்கு டிக் போட்டிருந்தாய். பழுத்த கல்லாமை மாம்பழத் தோல் நிறம். அதையே கலக்கி, ஏழு தரம் பனி விழுகிற மாதிரி லேசாக அடித்தேன். ஜலால் பாய் வந்து பார்த்துவிட்டு, மாஷா அல்லாஹ், இது என் கடையில் கிடந்ததா என்று மூக்கில் விரலை வைத்தார். என்னைப் பாராட்ட வாயெடுத்தவரிடம் உன் நோட்டைக் காட்டினேன். உட்கார்ந்து முழுசும் படித்தார்.

நீ அங்கே பெரிய கம்பெனியில் களிமண்ணில் மாதிரிக் கார் செய்கிறாய் என்று அம்மா முதலில் சொன்னபோது, மண்ணைப் பிசையவா இன்ஜினியரிங் படித்தாள் என்று சிரித்தவன் நான். இப்போது புரிகிறது. ரோட்டில் ஓடப்போகிற காருக்கெல்லாம் முதலில் நேர் பார்ப்பது என் மகள் கண். இதை வருகிற கஸ்டமரிடமெல்லாம் சொல்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். உன்னிடம்தான் சொல்லவில்லை. நான் பண்ணினது தப்பு தாயி. உன் வேலையையும் கெடுத்து, உன்னை நாலு பேர் முன்னால் தலைகுனியவும் வைத்தேன்.

நேற்று கார் முடிந்தது. கண்ணாடி மேசையில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் பேப்பரை விட்டுப் பார்த்தேன். நாலிலும் ஒரே மாதிரி பிடித்தது. உன் அம்மா கொல்லை எலுமிச்சை மரத்திலிருந்து குன்றிமணி அளவில் நாலு பிஞ்சு பறித்து வந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். பேயாண்டி சூடம் காட்டினான். உருட்டுங்கள் அண்ணே என்றான்.

நான் மாட்டேன் என்றுவிட்டேன். நான் தேய்த்தேன், ஒட்டினேன், பெயின்ட் அடித்தேன். லைன் எடுத்தது நான் இல்லை. சட்டம் எல்லோருக்கும் சட்டம்தான்.

கார் டி.வி. பக்கத்தில் அப்படியே நிற்கிறது. தூசி படாமல் அம்மா மேலே கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்திருக்கிறாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு போன் போடு, வந்து கூட்டிக்கொள்கிறேன். என்னைக் கூப்பிடப் பிடிக்காவிட்டால் அம்மாவைக் கூப்பிடு, வருகிறது நானாகத்தான் இருக்கும். வந்து, குனிந்து பார்த்து, லைன் சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். அப்புறம் உன் கையால் உருட்டு.

உடனே லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. பிஞ்சு வாடினால் வேறு பறித்து வைக்கிறோம். மரத்தில் நிறைய இருக்கிறது.

நீ கை வைக்கிறதெல்லாம் நேராக வரட்டும் தாயி.

உன் அப்பா,
ம. நல்லகாமன்