சவர்க்காரம் பட்ட ஐந்து விரல்

சேசு மரி சூசை

கண்டக்குழி,
பெரிய வியாழன் இரவு, 1938.

அன்புள்ள லோறன்ஸ் அண்ணாவுக்குத் தங்கச்சி செலஸ்தீனா எழுதிக்கொள்வது.

அண்ணா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்களோடு அறையில் இருப்பவருக்கும் வேண்டாம். நீங்கள் வேலை செய்யும் மருந்துக்கடை முதலாளிக்கு வேண்டவே வேண்டாம். வாசித்த உடனே எரித்துவிடுங்கள். நீங்கள் முன்பு எழுதிய கடதாசியை எரிக்கச் சொன்னபோது நான் எரிக்கவில்லை. நீங்களாவது சொன்னபடி செய்யுங்கள்.

நம் வீட்டில் புதுமை நடந்திருக்கிறது! ஆண்டவருடைய அற்புதம் என்று ஊர் முழுக்கச் சொல்கிறது. பகல் முழுவதும் முற்றத்தில் நிற்க இடமில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஈரக் காலோடு ஓடிவந்தார்கள். மணி அடிக்கக் கூடாத நாள் என்பதால் கோயில் மூப்பர் மரத்தட்டியைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாக ஓடினார். நம் ஐயா, கோயில் சுவாமியாருக்குச் சொல்ல வண்டி பிடித்துக் கற்பிட்டிக்குப் போய்விட்டார். ஐயா வருவதற்குள் அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய சொரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கிச் சுற்றுகிற வெள்ளைச் சீலை நம் வீட்டுப் பெட்டகத்தில்தானே இருக்கிறது? அதை வெளுத்து மடித்து வைப்பது அம்மாவின் பொறுப்புத்தானே? இன்று காலையில் அம்மா அதை விரித்தா. நடுவில் ஐந்து சிவப்புக் கறைகள். அம்மா அப்படியே முழங்காலில் விழுந்து, “ஆண்டவரே, அஞ்சு காயமும்! அஞ்சு காயமும்!” என்று கத்தினா. சீலையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டா. அதற்குப் பிறகு வந்த சனத்தைக் கேட்கவா வேண்டும்?

அண்ணா, அந்த ஐந்து காயமும் என்னுடைய ஐந்து விரல்கள்.

தோளுக்குக் கீழே வந்த படர்தாமரைக்கு நீங்கள் அனுப்பிய கோவாத் தூளை வேறெங்கே ஒளிப்பேன்? சிஸ்டர் கண்டால் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிடுவா, அம்மா கண்டால் எங்கே வாங்கினாய் என்று கேட்பா. வருடத்துக்கு ஒரு தரம் மட்டும் திறக்கிற பெட்டகம் அதுதான். சீலை மடிப்புக்குள் பொட்டலத்தைச் செருகினேன். நீங்கள் சொன்னபடி அரிசி மணியளவு தூளை வசிலீனில் குழைத்து, ஈர்க்கில் தொட்டுப் பூசினேன். ஒன்பது நாளில் எல்லாம் வாடிவிட்டது. அதற்கு உங்களுக்குக் கோடி நன்றி. ஆனால் நேற்றுப் பின்னேரம் பொட்டலத்தை எடுக்கப் போனால், கடதாசி கிழிந்து தூள் கொட்டிக் கிடக்கிறது. பாத்திரம் கழுவிய சவர்க்கார நுரைக் கையோடு போயிருந்தேன். பதற்றத்தில் சீலையைப் பிடித்து உதறினேன். கை பட்ட இடமெல்லாம் என் கண் முன்னாலேயே சிவந்தது! மஞ்சளாகத்தான் கறை பிடிக்கும் என்று எழுதினீர்கள், சவர்க்காரம் பட்டால் இப்படியாகும் என்று எழுதவில்லையே! பயத்தில் மடித்து வைத்துவிட்டேன். விடிவதற்குள் மங்கிவிடும் என்று நினைத்தேன்.

இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒளித்துச் சோதித்துப் பார்த்தேன். பழைய துண்டொன்றில் தூளைத் தேய்த்தேன், மஞ்சள். சவர்க்காரத் தண்ணீர் விட்டேன், இரத்தம் மாதிரிச் சிவப்பு. தேசிக்காய்ப் புளி பிழிந்தேன், திரும்பவும் மஞ்சள்! மீண்டும் சவர்க்காரம், மீண்டும் சிவப்பு. பயத்தை மறந்து நான்கு தரம் செய்து பார்த்தேன், அண்ணா. இந்த நேரத்தில் சந்தோசப்பட்டது பாவமா என்று தெரியவில்லை. அவ்வளவு வடிவாக இருந்தது.

இன்னொரு பாவமும் சொல்கிறேன். பகல் முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருக்கமாட்டேன் என்ற அல்பொன்சா, பெட்டகத்தைத் திறக்கிற கை என்று சொல்லி என் கையை முத்தமிட்டாள். நான் இழுத்துக்கொண்டேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. நகத்துக்குள் தூள் இருந்திருந்தால் என்ன செய்வது என்றுதான் இழுத்தேன், அதை எப்படிச் சொல்வேன்?

இப்போது அந்தப் பெருமையெல்லாம் போய்விட்டது. பொழுது சாய அம்மாவின் கண் சிவக்கத் தொடங்கியது. இப்போது இரண்டு இமையும் வீங்கி, விளக்கைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கிறா. தண்ணீர் ஓடியபடி இருக்கிறது. மணல் கொட்டியது போல உறுத்துகிறதாம். கேட்டால், “ஆண்டவருக்காகக் கண் அழுகுது பிள்ளை, அழட்டும்” என்று சிரிக்கிறா! உங்கள் கடதாசியை எடுத்துத் திரும்ப வாசித்தேன். ‘இதை மருந்தென்று நினையாதே, நெருப்பென்று நினை. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதே. கண்ணில் பட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி, உடனே டொக்டரிடம் போ. பார்வையே போகலாம்.’ அம்மா கழுவ விடவில்லை. கோயில் தீர்த்தம் என்று பொய் சொல்லிக் கொதித்தாறிய தண்ணீரை நாலு செம்பு ஊற்றிக் கழுவினேன். கையெடுத்துக் கும்பிட்டு வாங்கினா. ஐயா வந்ததும் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்ல வேண்டும்.

ஆனால் நாளை, அண்ணா! நாளைச் சடங்கு முடிந்ததும் ஊரே வரிசையில் வந்து சீலையைக் கண்ணில் ஒற்றலாம் என்று மூப்பர் சொல்லிவிட்டார். குழந்தைகளையும் தூக்கி வருவார்கள். இன்றைக்கே அனஸ்தாசியா சின்னம்மா தன் கைக்குழந்தையின் முகத்தைச் சீலையில் வைக்கப் போனா. நான் பாய்ந்து இழுத்தேன். “ஏனடி, ஆண்டவர் உனக்கு மட்டும் எழுதிக் குடுத்த சீலையோ?” என்று ஊர் முன்னால் ஏசினா.

முதல் ஆளாக வரப்போகிறவர் யார் தெரியுமா? நிக்கொலஸ் மாமா. இடது கண் தூண்டில் குத்திப் போனது உங்களுக்குத் தெரியும். இருக்கிற ஒன்றும் மங்கிக்கொண்டு வருகிறது. அந்த ஒற்றைக் கண்ணை நம்பித்தான் அவருடைய வள்ளத்தில் நான்கு பேர் கடலுக்குப் போகிறார்கள். பகலில் வந்து என் தலையில் தட்டி, “பிள்ளை, மற்றக் கண்ணும் துறந்திட்டுதெண்டா உன்ர மாமி எவ்வளவு வடிவில்லாதவள் எண்டு முழுசாப் பாத்திடுவன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வீட்டின் பின்கோடிக்குள் போய் அழுதேன்.

சீலையை இரவோடிரவாகத் தோய்த்துவிடலாம் என்று யோசித்தேன். சவர்க்காரம் போட்டால் முழுச் சீலையும் சிவந்துவிடும், அப்புறம் கொழும்பிலிருந்தும் சனம் வரும். எரிப்பதற்கு மனம் வரவில்லை, ஆண்டவரைச் சுற்றுகிற சீலை. சொல்வது ஒன்றுதான் வழி. என் வாய்ப்பேச்சை நம்பமாட்டார்கள். தேசிக்காயைப் பிழிந்து காட்டலாம். ஆனால் அது கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு உங்கள் கடதாசிதான் சாட்சி. அதன் தலைப்பில் கடைப் பெயர் அச்சடித்திருக்கிறது. முதலாளிக்குத் தெரியாமல் எடுத்த தூள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைப்பையும் அந்த வரியையும் கத்தரித்து அடுப்பில் போட்டுவிட்டேன். உங்கள் கையெழுத்தை என்ன செய்வேன்? ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் நீங்கள். எல்லோரும் கண்டுபிடிப்பார்கள்.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது உங்களுக்கு வேலை இருக்குமோ தெரியாது. என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் கைவிடாதீர்கள். அம்மாவின் கண்ணுக்காக அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். ஆண்டவர் உங்களையும்

அண்ணா, கதவைத் தட்டுகிறார்கள். ஐயா இல்லை, வண்டிச் சத்தம் கேட்கவில்லை. நிக்கொலஸ் மாமாவின் குரல். நாளைக்குச் சனம் கூடிவிடுமாம், இப்போதே ஒரு தரம் கண்ணில் ஒற்றிவிட்டுப் போகிறாராம். அம்மா, “துற பிள்ளை, மாமாவுக்குச் சீலையை எடுத்துக் குடு” என்கிறா.

தேசிக்காயும் உங்கள் கடதாசியும் கையில் இருக்கின்றன. திறக்கப் போகிறேன்.