நாலு வண்டியும் ஒரு தூணும்

மார்ச் 3, செவ்வாய்

முதல் வண்டி பார்த்தாயிற்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஷோரூம்காரர் என்னிடம் நிறத்தைப் பற்றிப் பேசினார், என் வீட்டுக்காரரிடம் என்ஜினைப் பற்றிப் பேசினார். அவருக்கு ஓட்டவே தெரியாது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். விளம்பர அட்டையில் இரண்டு எழுத்துப்பிழை காட்டிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். நான் சாவி கேட்டதும், "மேடம் ஓட்டுவீங்களா?" என்றார் ஷோரூம்காரர். இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளிடம்! "உங்க முதலாளிக்கே நான்தான் கத்துக்கொடுத்தேன்" என்றேன். பொய்தான். சொல்லும்போது நன்றாக இருந்தது.

நான் ஒன்றும் பல்லக்கு கேட்கவில்லை. இடுப்பு ஆபரேஷன் முடிந்த மாமாவை, வீட்டுக்காரரின் அப்பாவை, வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போக வேண்டும். அவர் குனியாமல் ஏற வேண்டும், டிக்கியில் வாக்கர் போக வேண்டும், வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. ஸ்கூல் வண்டிக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மாணவர்கள் இருக்கிறார்கள்.

இன்றைய வண்டியில் எல்லாம் இருந்தது. ஆனால் முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூண் இருக்கிறதே, மகா தடி. வலப்பக்கம் வருகிற ஆள் தெரிவதில்லை. யார் இதையெல்லாம் வரைகிறார்கள்?

மார்ச் 7, சனி

இன்னும் இரண்டு வண்டி. அதே தூண், அதே கோளாறு.

பின்சீட்டில் ஏறி இறங்கிப் பார்க்க மாமாவும் வந்திருந்தார். "எனக்கு வசதியாத்தாம்மா இருக்கு. நான் என்ன தூண்லயா சாஞ்சுக்கப் போறேன்?" என்றார். உட்கார்கிறவருக்கு என்ன தெரியும். ஓட்டுகிறவளுக்குத்தான் கண் வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

பேக்கரி அம்மாவுக்கு இன்று ஒன்பதாவது பாடம். முனையில் திடீரென்று பிரேக் போட்டார். வலப்பக்கமிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே போனது. என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது, இத்தனை வருஷத்தில் மாணவருக்கு முன்னால் என் கால்தான் போகும். இன்று போகவில்லை.

"டீச்சர், நீங்க பாக்கலையா?" என்றார்.

பார்த்தேன், உங்களைச் சோதித்தேன் என்றேன். பிறகு கிளட்சுக்காக நன்றாகத் திட்டினேன். கிளட்சில் ஒரு தப்பும் இல்லை.

மார்ச் 14, சனி

நாலாவது வண்டி. எங்கள் மெக்கானிக் அடித்துச் சொன்னது: "பழைய மாடல்க்கா. அழகு கெடையாது, மக்கர் பண்ணாது. எந்த ஊர்ல நின்னாலும் சாமான் கெடைக்கும்." உயரமான இருக்கை. மாமா தானாகவே ஏறினார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, வலப்பக்கம் திரும்புகிற வரைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "ஏம்மா, நாலு கம்பெனிக்காரனும் கூடிப் பேசி உனக்குன்னே தூணைத் தடியா பண்ணிட்டானா?"

என்ன வாய். என்னிடம் மூன்று நாள் கற்றுவிட்டு, நான் கத்துகிறேன் என்று கோபித்துக்கொண்டு, எதிர்த் தெருவில் பச்சைப் பலகை மாட்டி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரிடம் போய்க் கற்று லைசென்ஸ் வாங்கியவள் இவள். ஊரே சிரித்தது. இவள் எனக்கு வண்டி பார்க்கச் சொல்லித் தருகிறாள்.

"கண்ணைக் காட்டிட்டு வா" என்றும் சொன்னாள். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் எத்தனை கிளிப் என்று சொல்வேன்.

மார்ச் 15, ஞாயிறு

பதினொன்று. எண்ணிச் சொன்னேன். யாரும் பாராட்டவில்லை.

மார்ச் 16, திங்கள்

மகள் மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான் போனேன்.

மைதானத்தில் ஸ்கூல் வண்டியை நிறுத்தினேன். இதன் தூண் மெல்லியது, பதினொரு வருஷமாக எனக்குத் தொந்தரவு தந்ததில்லை. ரிவர்ஸ் பழக வைத்திருக்கும் ஆரஞ்சு கூம்பு ஒன்றை வலப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து நேரே பார்த்தேன். கூம்பு இல்லை. தலையைத் திருப்பினேன், இருந்தது. நேரே பார்த்தேன், இல்லை.

இறங்கி வெறும் தரையில் நின்று பார்த்தேன். இப்போது தூணே இல்லை. கூம்பும் இல்லை.

 வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். பேக்கரி அம்மாவைத் திட்டியது நினைவுக்கு வந்து வழியெல்லாம் கூசியது.

மார்ச் 19, வியாழன்

கண் ஆஸ்பத்திரியில் ஒரு டப்பாவுக்குள் முகத்தை வைத்து, புள்ளி மின்னும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது கண்ணுக்கு வெகுநேரம் மின்னவே இல்லை. மெஷின் ரிப்பேர் என்றேன். அவர்கள் மெஷினைப் பற்றிப் பேசவில்லை.

கண்ணுக்குள் அழுத்தமாம். ஓரப் பார்வை போய்விட்டது, திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. டாக்டரம்மா சின்னப் பெண். "இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாதும்மா. கூட உக்காந்து கத்துக்கொடுக்கவும் கூடாது."

மார்ச் 20, வெள்ளி

முடியாது. போங்கடி. எனக்கு வேற என்ன தெரியும்? யாரைக் கேட்டு என் கண்ணு போச்சு?

மார்ச் 24, செவ்வாய்

அழுது முடித்துவிட்டேன். ஸ்கூலை மூடப் போகிறேனா என்று வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார். மூடமாட்டேன். வண்டிக்கு வேறு ஆள் போடுவேன். சாலை விதி வகுப்பு நான்தான் எடுப்பேன், கரும்பலகைக்குத் தூண் கிடையாது.

பேக்கரிக்குப் போனேன். "அன்னைக்கு சைக்கிளை நான் பாக்கலை. நீங்க பாத்தீங்க. கிளட்சும் சரியாத்தான் போட்டீங்க" என்றேன். அந்த அம்மா கையில் மாவோடு நின்றார். "ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுது டீச்சர். எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியலை" என்றார்.

மார்ச் 28, சனி

ஓட்டப் போவது நான் இல்லை. தேர்ந்தெடுப்பது நான்தான். இதில் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், திறக்கவில்லை.

நாலாவது வண்டிதான். டிக்கியில் வாக்கரை வைத்து மூடிப் பார்த்தேன். குனிந்து டயரைப் பார்த்தேன். அந்த ஷோரூமில் ஒரு பெண் இருந்தாள். "இன்னொரு வாட்டி ஓட்டிப் பாக்கறீங்களா மேடம்?" என்றாள். "என் பொண்ணு ஓட்டுவா" என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 11, சனி

இன்று முதல்முறையாகப் புது வண்டியில் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில். மாமாவும் வீட்டுக்காரரும் பின்னால்.

என் கால் சும்மா இருக்கவில்லை. நாலு இடத்தில் அமுக்கினேன். கீழே வெறும் விரிப்பு. "தரை ஓட்டையாயிடும்மா" என்றார் மாமா.

ஐந்தாவது இடத்தில் நான் அமுக்கவில்லை. தெரு காலியாக இருந்தது, என் கணக்கில். வண்டி சட்டென்று நின்றது. ஏன் என்று கேட்க வாய் எடுத்தபோது அவள் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்து எங்கள் முன்னால் கடந்து போனது. பின்னால் கூடை நிறையத் தக்காளி.

 அவள் கையை என் பக்கம் குறுக்கே நீட்டியிருந்தாள், நான் முன்னால் போய் இடித்துக்கொள்ளாமல்.

"கிளட்சை இன்னும் மெதுவா விடு" என்றேன்.

"சரிம்மா" என்றாள்.

கிளட்சில் ஒரு தப்பும் இல்லை.