என் போனில் படித்துப் பாஸான அக்காவுக்கு

நம்பவைத்துக் கவிழ்த்த என் அருமை அக்காவுக்கு,

ஆலங்குடி வட்டாரத்தின் முந்திரிச் சக்கரவர்த்தி, மொத்தம் பதினோரு மரங்களுக்கு அதிபதியான உன் தம்பி எழுதுகிறேன். நேற்று நீ பாஸாகிவிட்டாய். இறந்து நாலு மாதம் கழித்துப் பாஸான ஆள் ஈரேழு பதினாலு லோகத்திலும் நீ ஒருத்திதான்.

அங்கன்வாடி வேலை பார்த்துக்கொண்டே, ஐம்பது வயதில், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் நலம் பற்றிய ஆன்லைன் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தாய். உன் போன் ஓட்டை என்பதால் என் நம்பரைக் கொடுத்தாய். வாரம் மூன்று சாயங்காலம் வண்டியில் போனைச் சுமந்து வந்தேன். திருமயம் கோட்டைக்குப் பீரங்கி ஏற்றியவன்கூட அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோயிருக்க மாட்டான்.

அதனால் உன் மார்க்கும் என் போனுக்கே வந்தது. கூடவே உன் கள ஆய்வு அறிக்கை. பெருமையாகத் திறந்தேன். 'பெயர் மாற்றப்பட்ட பதினாறு வயதுச் சிறுமி' என்று ஆரம்பித்தது. இரண்டாம் பக்கத்தில் பதினோரு முந்திரி மரம் வந்ததும், அந்தச் சிறுமி என் மகள்தான் என்று புரிந்தது.

போன தையில், என் மகள் கயலுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணுகிற அன்று, ஜீப்பில் அதிகாரிகள் வந்து, பதினெட்டு ஆகவில்லை என்று கல்யாணத்தை நிறுத்தினார்களே. கீரனூர் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பூவோடு திரும்பிப் போனார்களே. போன் பண்ணியது யார் என்று நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தபோது நீ என்ன சொன்னாய்?

"எந்தப் பாவி சொன்னான்னு தெரியலையே தம்பி. நீ இங்கிட்டு உக்காரு. காப்பியக் குடி."

சாட்சாத் அந்தப் பாவி ஆற்றிக் கொடுத்த காப்பி! உன் அறிக்கையே சொல்கிறது: வகுப்பு முடிந்ததும், நான் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்க, என் போனிலிருந்தே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசியிருக்கிறாய்.

அதைக்கூட விடு. கயலின் டீச்சர்தான் சொல்லியிருப்பார் என்று நானாக முடிவு கட்டி, பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் ஏசினேன். பக்கத்தில் நின்றாயே. "விடு தம்பி, ஊரு பாக்குது" என்றாயே தவிர, நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? அந்த அம்மா தலை குனிந்து பஸ் ஏறியதை எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாய்?

என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். 'சிறுமியின் தந்தை பாசமானவர். திருமணம் வேண்டாம் என்று மூன்று முறை நேரில் பேசினேன். சிரிக்கவைத்தே பேச்சை மாற்றிவிட்டார்.'

மூன்று முறையா? எப்போது அக்கா? நீ சொன்னது ஒன்றுகூட நினைவில்லை. நாம் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

கயல் இப்போது பிளஸ் டூ. அறிக்கையைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அத்தைக்கு எத்தன மார்க்குப்பா?"

"எழுபத்தெட்டு."

"கொறச்சுட்டாங்க."

என் கோபம் ஆறவில்லை. ஆறினாலும் உன்னிடம் சொல்வதாக இல்லை. ஆனால் கயல் படித்து முடித்து, அவளாகக் கேட்கிறவரை இந்த வீட்டில் பூ வைக்கிற பேச்சே கிடையாது. திங்கட்கிழமை அதே பஸ் ஸ்டாண்டில், அதே கூட்டத்தின் முன்னால், டீச்சரிடம் மன்னிப்புக் கேட்பேன். அவரைச் சிரிக்கவைக்காமல் கேட்பேன்.

இப்படிக்கு,
போனைக் கொடுத்து ஏமாந்த
உன் கூடப்பிறந்தவன்