துக்கானின் முதல் போணி

பிப்ரவரி 9, திங்கள்

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. நாலு மாடி ஏறி வந்தால் உஸ்தாஸ் ரவூஃப் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நாங்கள் விற்கப்போவது, டாட் காம் என்று முடிகிற இடத்தில், நம் அரபு எழுத்திலேயே ‘துக்கான்’ என்று முடியும் இணைய முகவரிகள். கடை என்று அர்த்தம். கடைக்காரன்தான் ஒருத்தனும் வரவில்லை. பொதுத் திறப்பு மார்ச் 3. நல்ல பெயர்களை மொத்தமாக வாங்கிப் பூட்டிவைத்து, பிறகு விலையேற்றி விற்க வெளிநாட்டு ஆள் ஒருவர் தயார். முதலாளி ரவூஃபுக்கு அது போதும்.

ஆள் சேர்க்கும் ஷஹீராவுக்குப் போதாது. “பூட்டிக் கிடக்கிற கடைத்தெருவுக்கா திறப்பு விழா நடத்தப் போறீங்க? தவ்ஃபீக்கியா கார் உதிரிபாகத் தெருவை நான் கூட்டிட்டு வரேன். வரலன்னா அந்த ஆளுக்கே குடுங்க, நானும் கிளம்பிடறேன்.”

அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான நேரத்தில் வேலையைப் பணயம் வைக்க இது என்ன வீம்பு?

பிப்ரவரி 12, வியாழன்

அவளோடு தவ்ஃபீக்கியா போனேன். “எங்கப்பன் காலத்துலேர்ந்து இதே இடம். இன்னொரு அட்ரஸ் எதுக்கு?” என்றார் ஒருவர். “அதுல ஸ்டீயரிங் மாட்டலாமா?” என்றார் இன்னொருவர். தெருவே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்து, தந்த டீயைக் குடித்து, “சனிக்கிழமை வரேன்” என்று எழுந்தாள். நானாக இருந்தால் அங்கேயே வேலையை விட்டிருப்பேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒரே ஒருவர் இசைந்தார், பிரேக் சாமான் விற்கும், தெருவே மரியாதையாக ‘முஅல்லிம்’ என்று கூப்பிடும் பயூமி. “இந்தப் பொண்ணுக்கு டீ ஊத்தி மாளல, அதான்” என்றாராம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

தொலைந்தோம். சோதனைக்காகத் திறந்துவிட்ட பயூமியின் இணையப் பக்கத்தில் காலையில் முதல் ஆர்டர் - பழைய ஃபியட்டுக்கு பிரேக் ஷூ. எடுத்துக்கொண்டார். அடுத்து வந்ததையெல்லாம் ‘சரக்கு இல்லை’ என்று தள்ளிவிட்டார். போன் போட்டேன்.

“சரக்க வெச்சுக்கிட்டே இல்லன்னா எப்படி முஅல்லிம்?”

“எனக்குப் போணி ஆயிடுச்சு இன்ஜினியரே. எதிர்க்கடை சலாமாவுக்கு இன்னும் ஆகல. அவனுக்கு அனுப்பு.”

“அவருக்கு அட்ரஸே இல்லியே!”

“அது உன் பாடு.”

தெருவில் காலங்காலமாக உள்ள வழக்கம்தான், எனக்கும் தெரியும். அதுக்காக கம்ப்யூட்டர்லயுமா? ரவூஃப் வெளிநாட்டு ஆளுக்கு போன் போடக் கிளம்பிவிட்டார். ஷஹீராவோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “ஒரு பட்டன் வைங்க இன்ஜினியரே. ‘எனக்குப் போணி ஆயிடுச்சு, பக்கத்துக் கடைக்கு’ன்னு. அமுக்கினா ஆர்டர் சலாமா போனுக்குப் போகணும்.”

வந்த வாடிக்கையாளரை விரட்ட ஒரு பட்டன்! உலகத்தில் எவனாவது செய்வானா? செய்தேன்.

பிப்ரவரி 25, புதன்

சலாமா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். “தினமும் பயூமி அனுப்புறான், நான் வாங்கிக்கிட்டே இருக்கேன். திருப்பி அனுப்ப வழி இல்ல. தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியுதா? எனக்கும் அந்த பட்டனைக் குடுங்க!”

முகவரி கேட்கவில்லை, பட்டன். “அதுக்கு முதல்ல அட்ரஸ் வேணுமே” என்றாள் ஷஹீரா, ஒன்றும் அறியாதவள்போல. இவளைப் போய் வீம்பு என்று எழுதினேனே! என்ன பொம்பளை இவ!

பிப்ரவரி 26, வியாழன்

படிக்கட்டு முழுக்க ஆட்கள். எல்லாருக்கும் பட்டன்.

மார்ச் 1, ஞாயிறு

தெருவில் முக்கால்வாசி வந்தாயிற்று. வெளிநாட்டு ஆள் மறுபடி கூப்பிட்டார். ரவூஃப் ஷஹீராவைப் பார்த்தார், பிறகு போனில் சொன்னார்: “இல்லிங்க. அங்கெல்லாம் ஆள் குடிவந்துட்டாங்க.”

ஆனாலும் மனிதர் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். கீழ் மாடியில் தனியாகக் கடை வைத்திருக்கும் நாதியாவும் கமிஷனுக்கு எங்கள் முகவரிகளை விற்கிறாள். “திறப்பு நாள்ல ஒருத்தனைக்கூட அவகிட்ட விடக் கூடாது” என்று அவர் உத்தரவு.

மார்ச் 3, செவ்வாய்

எல்லாருக்கும் திறந்தோம். இன்றைய முதல் பதிவு ஒரு டயர் கடை. ஷஹீரா கைதட்டினாள். உடனே அடுத்த போன். ரவூஃப் பாய்ந்து எடுத்தார். பெயரைக் குறிக்கப் போனவர் பேனாவை மூடினார்.

“எங்களுக்குப் போணி ஆயிடுச்சுங்க. கீழ் மாடி நாதியாவுக்கு இன்னும் ஆகியிருக்காது. அங்க பதிஞ்சுக்கங்க.”

ஷஹீரா எழுந்துபோய் அவருக்கு ஒரு டீ ஊற்றி வைத்தாள்.