மேலாளரைக் கூப்பிடும் விதம்

அன்புள்ள வீட்டரசிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாதே.

நிர்வாகத்துக்கு உலகம் முழுக்க ஒரே வழிதான் என்பது ஒரு கட்சி. மனிதர் பழக்கம் ஊருக்கு ஊர் வேறு, வழியும் வேறு என்பது இன்னொரு கட்சி. இந்த வெளிநாட்டுக் கிடங்கில் நான் தொழிலாளர்களுக்காகத் தமிழில் எழுதும் பாடமெல்லாம் இந்த வழக்கைப் பற்றித்தான். என் மேலாளர் முதல் கட்சி. நம் மகள் வயதுப் பெண். "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, அப்பதான் பயம் போகும்" என்று ஆங்கிலத்தில் சொல்வார். எனக்கு வாயில் வந்தால்தானே! எதுவானாலும் எதிரே போய் நின்று தொண்டையைச் செருமுவேன்.

நேற்று அவர் கைப்பேசியில் பேசியபடியே பின்னால் நகர்ந்தார். பின்னால் சரக்கு இறக்கும் மேடையின் விளிம்பு. செருமினேன், கேட்கவில்லை. "ஏம்மா, நில்லும்மா!" என்று கத்திவிட்டேன். ஓய்வு பெற்றும் போகாத வகுப்பறைக் குரல். தமிழ் தெரியாதவர், ஆனாலும் அந்தக் குரலுக்கு அப்படியே நின்றுவிட்டார். பயப்படாதே, யாருக்கும் அடியில்லை.

"இத்தனை நாளா ஏன் என்னை ஒரு தடவைகூட கூப்பிடல?" என்று கேட்டார்.

"பேரைச் சொல்லணும்னீங்களே, அதான்."

சிரித்தார். கூப்பிடும் முறையை அவரவரே முடிவு செய்யட்டும் என்று பாடத்தைத் திருத்தச் சொன்னார்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்ததும் வீட்டுக் கணக்கை ஆரம்பிக்காமல், முதலில் "என்னங்க" என்று ஒரு தடவை கூப்பிடு. இங்கே எல்லோரும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

வேன் வந்துவிட்டது.

உன் வாத்தியார்